ஊளையிட்ட ட்யூப் ஆம்ப்: புதுப்பிப்பு

போன மாதம் புலம்பியிருந்தேனே, கிட் வாங்கி சேலம் அம்மாபேட்டை வீட்டு மாடியில் கட்டிய 5 வாட் கிதார் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) ஆன் செய்ததுமே ஊளையிடுகிறது என்று? (உள்ளே இருக்கும் கண்ணாடி ட்யூப்கள்: 12ஏஎக்ஸ்7 ஒன்று, 6வி6 ஒன்று, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையருக்கு 5ஒய்3.) "ஏங்கண்ணு, மாடு கீடு கத்துதா?" என்று அம்மா மாடியேறி வந்த கதை அது.

ஊளை நின்றுவிட்டது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் ஸ்பீக்கர் பக்க வயர் இரண்டையும் மாற்றிப் பற்றவைத்திருந்தேன். அதனால் நெகட்டிவ் ஃபீட்பேக் (வெளிவரும் சிக்னலில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பி அடக்குவது) பாசிட்டிவ் ஆகி, அடக்குவதற்குப் பதில் ஊதிவிட்டது. இடம் மாற்றினேன், கப்சிப்.

மிச்சமிருந்தது ஒரு ரீங்காரம். இதற்கு மீட்டரைவிடக் காதுதான் உதவியது. தடித்த கம்பியில் மூன்றாம் ஃப்ரெட் 98 ஹெர்ட்ஸ். ரீங்காரம் அதற்கு ஒரு துளி மேலே நின்றது. அப்படியானால் 100. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ரெக்டிஃபையர் அதை இரட்டிப்பாக்கும். ஆக ட்யூபைச் சூடாக்கும் ஹீட்டர் வயரிங் அல்ல (அது என்றால் 50-இலேயே ரீங்கரிக்கும்), டிசியைச் சீராக்கும் ஃபில்டர் பக்கம்தான் கோளாறு. பார்த்தால், முதல் கெப்பாசிட்டரின் கிரவுண்டில் ஈயம் சரியாகப் பிடிக்கவே இல்லை. (தொடும் முன் ரெசிஸ்டர் வைத்து சார்ஜை இறக்குங்கள். பிளக்கைப் பிடுங்கினாலும் 300 வோல்ட்டுக்கு மேல் உள்ளே உட்கார்ந்திருக்கும்.)

பிறகு சும்மா இருக்க முடியுமா? 22 கே (கிலோ ஓம்) ஃபீட்பேக் ரெசிஸ்டருக்கு ஒரு ஸ்விட்ச் போட்டேன். துண்டித்தால் சத்தம் கூடுகிறது, வால்யூம் பாதியிலேயே கரகரப்பு வந்துவிடுகிறது. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

ஞாயிறு ஏற்காட்டில் நண்பன் வீட்டில் வாசிக்கிறோம். இருபது கொண்டை ஊசி வளைவு. ட்யூப்களைக் கழற்றி அப்பாவின் பழைய வேட்டியில் சுற்றிவிட்டேன்.