ஜம்மா போர்டில் படம் சரியாக வராதபோது: நாங்கள் பார்த்ததும் செய்ததும்

கிருஷ்ணகிரி, பழையபேட்டையிலிருந்து

படம் வரவில்லை என்றவுடன் போர்டு செத்துவிட்டது என்று முடிவு கட்டி, கேம் கடை மெஷின்களுக்குள் இருக்கும் நல்ல ஜம்மா போர்டுகளை (ஒரே மாதிரி முனை அமைப்பு கொண்ட கேம் போர்டுகள்) காயலான் கடைக்குப் போட்டுவிடுகிறார்கள். கேட்கும்போதெல்லாம் மனசு ஆறுவதில்லை. நான் பார்த்தவரை கோளாறு பெரும்பாலும் போர்டுக்கும் திரைக்கும் நடுவில்தான் இருக்கிறது. காசு பட்டனை அழுத்தினால் சத்தம் கேட்கிறதா, ஸ்டார்ட் அழுத்தினால் ஆட்டம் ஓடும் ஒலி வருகிறதா? வந்தால் போர்டு உயிரோடு இருக்கிறது.

என்னிடம் இருப்பது நம் பக்கத்தில் முஸ்தபா என்று சொல்வோமே, அந்த கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ், 1993-ல் காப்காம் வெளியிட்டது. மூடிவிட்ட ஒரு கேம் கடையிலிருந்து வந்த போர்டு. கம்ப்யூட்டர் மானிட்டரில் விஜிஏ ஒயர் வழியாகக் கொடுத்துப் பார்த்தபோது 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று காட்டிவிட்டு திரை கறுப்பாகிவிட்டது. இது பழுதே கிடையாது. அந்தக் காலத்து போர்டுகள் விநாடிக்குச் சுமார் 15,700 வரிகள் வீதம் படத்தை அனுப்புகின்றன, விஜிஏ மானிட்டர் எதிர்பார்ப்பது 31,500. இரண்டுக்கும் நடுவில் ஒரு கன்வெர்ட்டர் வேண்டும். பலரும் வாங்கும் ஜிபிஎஸ் (GBS) 8200 வகை போர்டையே நானும் வாங்கினேன்.

கன்வெர்ட்டர் வந்ததும் படம் வந்தது, ஆனால் மேலே கால்வாசி சாய்ந்து கிழிந்த மாதிரி ஓடியது. இங்கேதான் ஜம்மா முனைகளை மனப்பாடமாகத் தெரிந்துவைத்திருப்பது உதவும். 1985-ல் ஜப்பானில் வகுத்த அந்த 56 முனை அமைப்பில், பாகங்கள் இருக்கும் பக்கத்தில் 12 சிவப்பு, 13 நீலம், 14 வீடியோ கிரவுண்ட். ஈயம் வைத்த பக்கத்தில் முனைகளுக்கு ஆங்கில எழுத்துதான் பெயர்: N பச்சை, P சிங்க் (படத்தின் வரிகளைச் சரியான நேரத்தில் நிறுத்தும் சிக்னல்). அதாவது சிவப்புக்கு நேர் பின்னால் பச்சை, நீலத்துக்கு நேர் பின்னால் சிங்க். ஒரு நிறம் மட்டும் காணாமல் போய் எல்லாம் மஞ்சளாகவோ ஊதாவாகவோ தெரிந்தால் அந்த மூன்று ஒயரில் ஒன்று விட்டிருக்கிறது. படம் ஓடினால், கிழிந்தால், நிற்காமல் உருண்டால் சிங்க். என் போர்டில் சிங்க் ஏறக்குறைய 5 வோல்ட் அளவில் வந்துகொண்டிருந்தது. 75 ஓம் உள்ளீட்டுக்கு அது ரொம்ப அதிகம். அந்த ஒயரின் நடுவே 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்ததும் 0.7 வோல்ட் அளவுக்கு இறங்கி படம் அசையாமல் நின்றது. விட்டுவைத்திருந்த 14-ம் முனையையும் அப்போதே இணைத்தேன், பின்னணியில் இருந்த நிழல் கோடுகள் குறைந்தன.

நிறங்களுக்கும் இதே கதைதான். கேம் மானிட்டருக்காகச் செய்த போர்டு, டிவி எதிர்பார்க்கும் 0.7 வோல்ட்டைவிட மிக அதிகமாகத் தள்ளுகிறது. அதனால் வெள்ளை எல்லாம் வெளிறிப்போய், முகங்களில் கண் மூக்கே தெரியாது. கன்வெர்ட்டரில் இருக்கும் மூன்று சின்ன திருகிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் குறைத்து, சாம்பல் நிறம் சாம்பலாகத் தெரியும்வரை திருப்ப வேண்டும். இதற்குப் பொறுமை வேண்டும், மூன்றையும் ஒரே நேரத்தில் திருப்பினால் எது எதைக் கெடுத்தது என்றே தெரியாது.

இவ்வளவுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. பவர் சப்ளையின் வாயில் அளக்காமல், போர்டின் மேலேயே ஏதாவது ஒரு ஐசியின் (சிப்பின்) பவர் காலில் மல்டிமீட்டர் வைத்து 5 வோல்ட்டைப் பாருங்கள். சப்ளையில் 5.0 இருந்தும் மெல்லிய ஒயரில் நஷ்டமாகி போர்டில் 4.6 வந்தால், உருவங்கள் துண்டு துண்டாகத் தெரியும், ஆட்டம் தானாக ரீசெட் ஆகும். பார்ப்பவர் ராம் போச்சு, ரோம் போச்சு என்று மெமரி சிப்புகள்மேல் பழி போடுவார். 4.75-க்குக் கீழே போகவே கூடாது. 5 வோல்ட் போகும் 3, 4, C, D நான்கு முனைக்கும் தனித்தனியாகத் தடித்த ஒயர் போட்டாலே பாதி வியாதி போய்விடும்.

பாலக்கோட்டிலிருந்து

கிருஷ்ணகிரி அண்ணா சொன்ன வோல்டேஜ் விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. நான் கன்வெர்ட்டர் பக்கம் போகவில்லை, பெரிய பெட்டி டிவியில்தான் ஆடுகிறேன், அந்தப் பளபளப்பு எல்சிடியில் வராது. ஆனால் நம் வீடுகளில் இருந்த டிவி பலவற்றில் மஞ்சள் ஏவி ஓட்டை மட்டும்தான் உண்டு, சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாக வரும் ஆர்ஜிபி நேராகப் போகாது, எனவே மூன்றையும் ஒரே ஏவி சிக்னலாக்கும் ஏடி724 ஐசி உள்ள என்கோடர் போர்டு ஒன்றை நடுவில் வைத்தேன்.

படம் வந்தது, கலர் இல்லை. முழுக்க கறுப்பு வெள்ளை. போர்டு, ஒயர் எல்லாம் சரிதான், என்கோடர் அமெரிக்க என்டிஎஸ்சி முறையில் கலரை அனுப்பிக்கொண்டிருந்தது, என் டிவிக்கு பால் (PAL) முறை மட்டும்தான் புரியும். 3.58 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை எடுத்துவிட்டு 4.43 மெகாஹெர்ட்ஸ் வைத்து, முறையைத் தேர்வு செய்யும் காலையும் பால் பக்கம் மாற்றியதும் கலர் வந்துவிட்டது. போர்டு விநாடிக்கு 60 படம் அனுப்புவதை என் டிவி ஏற்றுக்கொண்டது. இன்னும் பழைய டிவியாக இருந்தால் படம் மேலும் கீழும் உருளும், பின்னால் வி-ஹோல்ட் திருகி இருந்தால் அதில் பிடித்து நிறுத்தலாம்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பெட்டி டிவியின் பின்மூடியைக் கழற்றி உள்ளே கை வைக்காதீர்கள். பிக்சர் டியூப்பில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தங்கியிருக்கும். உள்வேலை என்றால் அனுபவமுள்ள டிவி மெக்கானிக்கைத்தான் கூப்பிட வேண்டும்.

ஓசூரிலிருந்து

எனக்கு வந்தது வேறு மாதிரி. கன்வெர்ட்டரில் எல்லா போர்டும் தெளிவாக வரும், ஆர்-டைப் என்ற கேமின் போர்டு மட்டும் எச்டிஎம்ஐ டிவியில் திரையைக் கறுப்பாக்கிவிடும். அந்த போர்டு விநாடிக்கு 55 படம்தான் அனுப்புகிறது, புது டிவிகள் பல 50 அல்லது 60-ஐத் தவிர எதையும் ஏற்பதில்லை. நியோ ஜியோ வகை போர்டு அனுப்புவது 59.18, அது பெரும்பாலும் ஓடிவிடுகிறது. அதே ஆர்-டைப்பைக் கன்வெர்ட்டர் வழியாகப் பழைய விஜிஏ மானிட்டரில் போட்டேன், முணுமுணுக்காமல் காட்டியது. அதனால் ஒரு திரையில் வரவில்லை என்றால் இன்னொரு திரையில் பாருங்கள், பிறகுதான் போர்டைத் தொட வேண்டும்.

உண்மையிலேயே போர்டில்தான் பழுது என்றால் அடையாளம் வேறு மாதிரி இருக்கும். பின்னணி சுத்தமாக இருந்து ஆட்கள் மட்டும் கட்டம் கட்டமாக உடைந்து தெரிந்தாலோ, எந்தத் திரையில் போட்டாலும் அதே இடத்தில் அதே கோடு வந்தாலோ அது உள்ளே இருப்பது. அப்போதும் முதலில் எட்ஜ் முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்து ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடையுங்கள், சாக்கெட்டில் இருக்கும் ரோம்களை மெல்ல எடுத்து திரும்ப அழுத்துங்கள். காப்காம் போர்டுகள் இரண்டு மூன்று அடுக்காக வரும், அடுக்குகளுக்கு இடையிலான கனெக்டரில் அழுக்கு ஏறியிருந்தாலும் உருவங்கள் உடையும். பிறகு டெஸ்ட் மெனுவில் போய் கலர் பட்டைகளையும் ராம் சோதனையையும் ஓட்டுங்கள். காப்காமின் சிபிஎஸ்-2 வகை போர்டு ஒரே நிறத் திரையோடு நின்றுவிட்டால் பெரும்பாலும் உள்ளே இருக்கும் பேட்டரி தீர்ந்து, ஆட்டத்தைத் திறக்கும் ரகசியக் குறியீடு அழிந்திருக்கும், அதை மீட்க வழி உண்டு, தூக்கி எறியாதீர்கள்.

அண்ணா, தடித்த ஒயர் என்றால் எவ்வளவு தடிமன் போட்டீர்கள்? கனெக்டர் எங்கே கிடைத்தது?

கிருஷ்ணகிரி, பழையபேட்டையிலிருந்து

வீட்டு வயரிங்குக்குப் போடும் 1 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒயர், 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நான்கு நான்கு இழை. 12 வோல்ட்டுக்கும் பட்டன்களுக்கும் மெல்லியதே போதும். கனெக்டர் பெங்களூரு எஸ்பி ரோடில் வாங்கினேன். ஜம்மா என்றால் கடைக்காரருக்குப் புரியாமல் போகலாம், 28 ஜோடி முனை, 3.96 எம்எம் இடைவெளி எட்ஜ் கனெக்டர் என்று கேளுங்கள். ஏழாவது முனையில் சாவித் தகடு வைக்க மறக்காதீர்கள், அது இருந்தால் போர்டைத் தலைகீழாகச் செருகவே முடியாது.