எஸ்எம்சி (பள்ளி மேலாண்மைக் குழு) வழியா போட்ட கணக்கு டீச்சருக்கு மூணு மாசமா சம்பளம் இல்ல, பெற்றோர் நாங்க என்ன செய்யலாம்?

மலையோர அம்மா, குலசேகரம் பக்கம்:
எல்லாருக்கும் வணக்கம். நான் ரப்பர் பால்வெட்டுக்கு போறவ, எனக்க மோள் அரசு நடுநிலைப்பள்ளியில ஏழாங்கிளாஸ், நான் எஸ்எம்சி மெம்பரும் கூட. கணக்கு சார் டிரான்ஸ்பர்ல போன பெறவு எஸ்எம்சி வழியா ஒரு டீச்சர போட்டோம், மாசம் 15 ஆயிரம்ணு பேச்சு. ஜூலைல வந்தாவ, இப்ப அக்டோபர், ஒரு பைசா வரல, கேட்டா அலாட்மென்ட், அதாவது மேல இருந்து ஒதுக்குற காசு, வரலங்காங்க. போன வாரம் டீச்சர் எங்கிட்ட 500 ரூவா கைமாத்து கேட்டாவ, கேக்கும்போ எனக்க மொகத்த பாக்கல. அவிய வந்த பெறவுதான் எனக்க மோளுக்கு பின்னக்கணக்கு வருது, அவிய நின்னுட்டா என்ன செய்ய? ஸ்கூல் கிராண்ட்ல இருந்து குடுக்கலாமா?

ஓய்வுபெற்ற ஹெச்.எம், தக்கலை:
மோளே, கிராண்ட தொடாதீங்க, அது சம்பளத்துக்கு உள்ளது இல்ல, ஆடிட்ல ஹெச்.எம். தலையில விழும். உங்க ஸ்கூல்ல எத்தன பிள்ளைய?

மலையோர அம்மா:
98 சார்.

ஓய்வுபெற்ற ஹெச்.எம், தக்கலை:
அப்ப கிராண்ட் வருசத்துக்கு 25 ஆயிரம்தான். 101 பிள்ளைய இருந்தா 50 ஆயிரம். மூணு பிள்ளை குறைஞ்சதுக்கு பாதி காசு போச்சு, ஆனா ஓடு ஒழுகுறதும் கரெண்ட் பில்லும் ரெண்டு ஸ்கூலுக்கும் ஒண்ணுதானே! அதுலயும் 10 சதவீதம் சுத்தத்துக்கு ஒதுக்கணும். இந்த கிராண்ட் சமக்ர சிக்ஷாங்கிற பள்ளிக்கல்வி திட்டத்துக்க காசு, மத்திய அரசு 60 சதவீதம், மாநிலம் 40. 2024-25ல பி.எம். ஸ்ரீங்கிற மத்திய அரசு பள்ளித் திட்ட ஒப்பந்தத்துல கையெழுத்து போடலண்ணு தமிழ்நாட்டுக்கு உள்ள 2,152 கோடிய நிறுத்தி வச்சாங்க, மேல நடக்குற சண்டைக்கு கீழ பிள்ளைய என்ன தப்பு செஞ்சுது?

நீங்க செய்ய வேண்டியது, எஸ்எம்சி கூட்டம் போட்டு டீச்சர் சேர்ந்த தேதி, வேலை பாத்த நாள், பாக்கி தொகை எல்லாம் தீர்மானத்துல எழுதி பி.இ.ஓ. (வட்டாரக் கல்வி அலுவலர்) ஆபீஸ்லயும் டி.இ.ஓ. (மாவட்டக் கல்வி அலுவலர்) ஆபீஸ்லயும் குடுத்து சீல் போட்ட காப்பி வாங்குங்க. கூடவே அலாட்மென்ட் என்னைக்கு வந்துதுண்ணு ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்ட மனு) போடுங்க, 10 ரூவா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும், 30 நாள்ல பதில் தந்தே ஆகணும்.

ரப்பர் ஷீட் கடை, அருமனை:
அதுவரைக்கும் ஊர்ல பிரிச்சு ஒரு தொகை குடுத்தா என்ன? நானும் தாறேன்.

டிராயிங் சார், மார்த்தாண்டம்:
அண்ணே உங்க மனசு பெருசு, ஆனா தயவுசெஞ்சு அப்படி செய்யாதீங்க. நான் 2012ல பகுதிநேர ஆசிரியரா சேர்ந்தவன், அப்ப மாநிலம் முழுக்க 16,549 பேர் எடுத்தாங்க, சம்பளம் 5 ஆயிரம், 2024ல 12,500 ஆச்சு, அப்பவும் மே மாசம் சம்பளமே இல்லாம இருந்துது. மே மாசம் பெயிண்டிங் வேலைக்கு போவேன். ஒரு வருசம் வெள்ளையடிக்க போன வீட்டுல எங்க கிளாஸ் பையன் கதவ திறந்தான், "சார்"ணு சொல்லிட்டு உள்ள ஓடி ஒரு நாற்காலி எடுத்துட்டு வந்து போட்டான், எனக்கு அன்னைக்கு கையே ஓடல. ஊர்ல பிரிச்சு குடுத்தா ஆபீஸ்ல "அங்க சமாளிச்சுக்கிடுதாங்க"ண்ணு ஃபைல மூடிருவாங்க. அது டீச்சருக்க கூலி, அரசாங்கம்தான் தரணும்.

ரப்பர் ஷீட் கடை, அருமனை:
சரி சார், புரியுது. ஆர்டிஐ எழுதுறதுக்கு நான் வாறேன்.

மலையோர அம்மா:
நேத்து மழை, பால்வெட்டு இல்ல, அதனால கூட்டத்துக்கு 24 பேர்ல 17 பேர் வந்தாவ. தீர்மானம் எழுதி இன்னைக்கு காலைல ரெண்டு ஆபீஸ்லயும் சீல் வாங்கியாச்சு. நவம்பர் 1 கிராம சபையிலயும் வைக்கப் போறோம். டீச்சர் இன்னைக்கும் வந்தாவ, எட்டாங்கிளாஸுக்கு டெஸ்ட் வச்சாவ.