செப்புக் கம்பியில் ரம்பப் பல்: சிமுலேஷன் ஏன் வெடிக்கிறது?

தொடக்கப் பதிவு
எண்முறைக் கணக்கைப் புதிதாகத் தொடுபவர்களுக்கு வெப்பப் பரவலைவிட நல்ல ஆசான் இல்லை. 1 மீட்டர் செப்புக் கம்பியை 100 துண்டாக்குங்கள். இடைவெளி 1 செ.மீ. செம்பின் பரவல் எண் (வெப்பம் எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதன் அளவு) நொடிக்குச் சுமார் 1.1 சதுர செ.மீ. புது வெப்பநிலை = பழையது + ர × (இடது + வலது − 2 × பழையது). இதில் ர = பரவல் எண் × காலப்படி (ஒவ்வொரு படியிலும் நகரும் நேரம்) ÷ இடைவெளியின் வர்க்கம். காலப்படி 0.4 நொடி என்றால் ர 0.44, கோடு வழுவழுவென்று இறங்கும். 0.5 நொடி வைத்தால் ர 0.55, அடுத்தடுத்த புள்ளிகள் மேலும் கீழும் துள்ளி ரம்பப் பல்லாகிவிடும்.

மறுமொழி 1
ரம்ப வடிவப் பிழை ஒவ்வொரு படியிலும் 1 − 4ர மடங்காகும். ர 0.55 என்றால் −1.2. குறி மாறுவதால் பல், 1.2ஆல் வளர்ச்சி. வழுவழுப்பான சைன் அலையில் தொடங்கினாலும் தப்பாது. கணினி எண்களைச் சுருக்குவதால் 16ஆம் தசம இடத்தில் கிடக்கும் பிழையே 200 படி வாக்கில் வெப்பநிலை அளவுக்கு வந்து நிற்கும். 150 படி வரை படம் அழகாகத்தான் இருக்கும், அதனால் சின்ன ஓட்டத்தை நம்பாதீர்கள்.

மறுமொழி 2
200 துண்டாக்கினால், வெடிக்காமல் இருக்கக் காலப்படி 0.11 நொடிக்கு இறங்க வேண்டும். மொத்த வேலை 8 மடங்கு. அங்கே இம்ப்ளிசிட் முறைக்கு (எல்லாப் புள்ளிகளின் புது வெப்பநிலையையும் சமன்பாடுகளாக ஒன்றாகத் தீர்ப்பது) மாறுங்கள். மேட்ரிக்ஸைத் தலைகீழாக்க வேண்டாம், மூன்று மூலைவிட்டங்களை மட்டும் வைத்துத் தீர்த்தால் போதும். இவ்வகை முறைகளில் ஒன்றான க்ராங்க்-நிக்கல்சன் (1947) வெடிக்காது. ஆனால் தொடக்க வெப்பநிலையில் திடீர் எகிறல் இருந்தால் அலைபாயும். முதல் சில படிகளைப் பின்னோக்கு ஆய்லர் என்ற இன்னொரு இம்ப்ளிசிட் முறையில் போட்டால் அடங்கும்.

மறுமொழி 3
வெடிக்காத பிழைதான் எனக்கு அதிக பயம். பைதான் மொழியின் எண்கணக்குத் தொகுப்பான நம்பையில் (NumPy) 'புது = பழைய' என்றால் நகல் எடுக்காது; இரண்டும் ஒரே அணி. நகலைக் கேட்டு வாங்குங்கள். நேரத்தை 0.1, 0.1 எனக் கூட்டாதீர்கள்: பத்து முறை கூட்டினால் 0.9999999999999999 வரும், லூப் ஒரு படி கூடுதலாக ஓடும். படி எண்ணைக் காலப்படியால் பெருக்குங்கள். 1991 பிப்ரவரி 25இல் சவூதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்காவின் பேட்ரியட் ஏவுகணை எதிர்ப்பு அமைப்பு, வந்த ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டதும் இதே 0.1ஆல்தான்: 24 பிட்டில் வெட்டப்பட்ட 0.1, 100 மணி நேர ஓட்டத்தில் 0.34 நொடிப் பிசகு, 28 வீரர்கள் மரணம்.

மறுமொழி 4
சரிபார்க்க, இரு முனையும் 0 டிகிரியில் இருக்கச் சைன் அலையில் தொடங்குங்கள். அதற்குத் துல்லிய விடை உண்டு. ர மாறாமல் இடைவெளியைப் பாதியாக்கினால் பிழை கால் பங்காக வேண்டும். பாதிதான் குறைகிறதென்றால் முதலில் விளிம்புக் கணக்கைப் பாருங்கள். ர சரியாக 1/6 என்றால் மட்டும் 16இல் ஒரு பங்காகும்: காலப்பிழையும் இடப்பிழையும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன.