புதுப்பிப்பு: சமைக்காத நனிசைவ உணவுக்கு எந்த இனிப்பு?

நனிசைவத்தில் (வீகன், அதாவது விலங்கிலிருந்து வரும் எதையும் சேர்க்காத உணவு) தேன் கூடாது என்பதால், முந்தைய இழையில் அதற்குப் பதிலாகக் கருப்பட்டி, பேரீச்சை விழுது இரண்டையும் சொல்லியிருந்தேன். முதலாவதைத் திருத்துகிறேன். கருப்பட்டி நனிசைவம்தான், ஆனால் பதநீரைக் கொதிக்கக் காய்ச்சித்தான் எடுக்கிறார்கள். சமைக்காத உணவில் வெப்ப வரம்பு பொதுவாக 42 முதல் 48 டிகிரி செல்சியஸ். ஆகவே கருப்பட்டியோ, அதேபோல் காய்ச்சி எடுக்கும் வெல்லம், தென்னஞ்சர்க்கரை, மேப்பிள் பாகு எதுவுமோ பொருந்தாது. பதநீராகவே குடிக்கலாம், இறக்கிய அன்றே. பதநீர்ப் பானையில் தடவும் சுண்ணாம்பு புளிப்பைத் தள்ளிப்போடுமே தவிர நிறுத்தாது.

விழுதுக்குப் பழமும் தண்ணீரும் சம அளவு என்றதும் பிழை. அது நீர்த்துப்போய்ச் சீக்கிரம் புளிக்கும். கொட்டை நீக்கிய 200 கிராம் பேரீச்சைக்கு 120 மில்லி தண்ணீர் போதும். ஃப்ரிட்ஜிலேயே 6 மணி நேரம் ஊறட்டும். வெயில் காலத்தில் வெளியே வைத்தால் நுரை கட்டிவிடும். ஊறிய நீரைக் கொட்டாதீர்கள், இனிப்பு அதில் இறங்கியிருக்கும். அதோடு சேர்த்தே அரையுங்கள். மிக்சியை விட்டுவிட்டு ஓட்டுங்கள், தொடர்ந்து ஓட்டினால் விழுது சூடேறும். ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில், ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் வரை. குமிழியோ புளித்த வாடையோ வந்தால் எறிந்துவிடுங்கள்.

பாக்கெட்டில் குளுக்கோஸ் பாகு என்றிருந்தால் அந்தப் பேரீச்சை வேண்டாம். பொன்னிற உலர்திராட்சைக்குப் பெரும்பாலும் கந்தக டை ஆக்சைடு காட்டியிருப்பார்கள், கறுப்பே மேல்.

சீனித்துளசியின் (ஸ்டீவியா) பச்சை இலை சரி. அதன் வெள்ளைப் பொடி ஆலையில் பிரித்தெடுத்தது. இரண்டுமே உருண்டை பிடிக்க உதவாது, அதற்குப் பேரீச்சையோ அத்திப்பழமோதான் வேண்டும்.