வகுப்பறையிலிருந்து கொள்கைத் துறைக்கு: எத்தனை ஆண்டுகள் கற்பித்திருக்க வேண்டும்?

கேள்வி (செந்தூல், கோலாலம்பூர்)

வணக்கம். தமிழ்ப்பள்ளி ஒன்றில் மூன்றாம் ஆண்டாகக் கற்பித்து வருகிறேன். பொதுக் கொள்கையில் முதுகலை படித்து, பின்னாளில் கல்விக் கொள்கை வகுக்கும் பணிக்குச் செல்ல விரும்புகிறேன். இப்போதே விலகுவதா, இன்னும் சில ஆண்டுகள் வகுப்பறையில் இருந்துவிட்டுப் போவதா? கற்பித்த அனுபவம் அந்தப் பணியில் உண்மையிலேயே கைகொடுக்குமா, நேர்முகத் தேர்வில் சொல்லிக்கொள்ள மட்டும்தானா?

பதில் (பிரிக்பீல்ட்ஸ்)

ஆசிரியைக்கு வணக்கம். நெடுநாள் கற்பித்துவிட்டுக் கலைத்திட்டப் பணிக்கு வந்தவன் நான். மலேசியாவில் 2019-இல் முதல் மூன்று ஆண்டு மாணவர்களுக்கான தேர்வுகளும் 2021-இல் ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிவந்த யுபிஎஸ்ஆர் பொதுத்தேர்வும் அகற்றப்பட்டதிலிருந்து, வகுப்பறை மதிப்பீட்டில் ஒவ்வொரு மாணவரின் அடைவுநிலையையும் 1 முதல் 6 வரை (6 உயர்ந்தது) ஆசிரியரே முடிவுசெய்து பதிகிறார். ஒரு வகுப்பின் பட்டியல் மேலிருந்து கீழ்வரை 3 என்றே இருந்தால், கற்பித்திராத அதிகாரி 'சராசரி வகுப்பு' என்று குறித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். எனக்கோ, பதிவேற்றக் கடைசி நாளுக்கு முந்தைய இரவில், நான்கைந்து பாடங்களின் பட்டியலை முன்னால் வைத்துக்கொண்டு, யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாத ஓர் எண்ணைத் தேடும் ஆசிரியர் கண்ணுக்குத் தெரிவார். 2 போட்டால் குறைநீக்கல் போதனை நடந்ததா என்று கேட்பார்கள். 6 போட்டால் சான்று கேட்பார்கள். அந்தப் பட்டியலை நம்பி உதவி ஒதுக்கினால், எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளை கணக்கிலேயே வராது.

இத்தகைய ஐயம் எழுவதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் போதா என்பது என் கருத்து. முதலாம் ஆண்டில் உங்களிடம் சேர்ந்த பிள்ளைகள் ஆறாம் ஆண்டை முடித்துச் செல்வதை ஒருமுறையாவது இருந்து பாருங்கள்.

பதில் (செதாப்பாக்)

மேற்சொன்னது சரியே, ஆனால் அனுபவம் மட்டும் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் 1928-இல் டெக்சஸ் மாநிலத்தின் கொட்டூலா என்னும் சிற்றூரில் மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகளுக்குக் கற்பித்தவர். 1965 மார்ச்சில், வாக்குரிமைச் சட்டம் கோரி ஆற்றிய உரையில் பசியோடு வகுப்புக்கு வந்த அப்பிள்ளைகளை நினைவுகூர்ந்தார். அடுத்த மாதமே, ஏழை மாணவர்களின் கல்விக்கு மத்திய அரசு நிதி வழங்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். மன உறுதியை அந்த வகுப்பறை தந்திருக்கலாம். ஆனால் தொடக்க ஆண்டுகளில் சில வட்டாரப் பள்ளி நிர்வாகங்கள் அந்நிதியைப் பொதுச் செலவுகளுக்குத் திருப்பிவிட்டன. அதைத் தடுக்க வேண்டிய நிதிக்கணக்கையும் மேற்பார்வையையும் எந்த வகுப்பறையும் கற்றுத் தருவதில்லை. முதுகலைப் படிப்பு தேவைப்படுவது இங்கேதான்.

தவிர, செந்தூல் பள்ளியை அறிந்தவர் நாட்டையே அறிந்தவராகிவிட மாட்டார். நம் தமிழ்ப்பள்ளிகளில் பல, 150-க்கும் குறைவான மாணவர்களைக் கொண்டவை. மிகச் சிறிய பள்ளிகளில் இரண்டு வெவ்வேறு ஆண்டுகளின் மாணவர்களை ஒரே அறையில் அமர்த்தி, ஒரு பக்கத்தாருக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு மறுபக்கத்தாருக்குப் பாடம் நடத்துகிறார்கள். நகரத்தில் மட்டும் கற்பித்தவர் வகுக்கும் பாட நேரம் அங்கே எடுபடாது. இடமாற்றம் கேட்கும் வாய்ப்பிருந்தால் தோட்டப்புறப் பள்ளி ஒன்றைக் கேளுங்கள்.

பதில் (கெப்போங்)

வேலையை விட்டுத்தான் படிக்க வேண்டும் என்பதில்லை. முதுகலையைப் பகுதி நேரமாகவும் படிக்கலாம். விலகல் கடிதம் எழுதும் முன், கல்வி விடுப்புக்குத் தகுதி உண்டா என்று உங்கள் தலைமையாசிரியரிடமும் மாவட்டக் கல்வி அலுவலகத்திலும் கேட்டுவிடுங்கள்.