எழுதத் தூண்டிய படத்தை எங்கே வைப்பது? உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். சில மாதங்களாக ஒரு படத்தை முன்னால் வைத்துக்கொண்டுதான் எழுத உட்காருகிறேன். போன வாரம் போனில் பழைய படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தபோது ஒரு மரக்கதவு கண்ணில் பட்டது. பித்தளைக் கைப்பிடி முழுக்கக் கறுத்துக் கிடக்கிறது, கட்டைவிரல் படுகிற இடம் மட்டும் தேய்ந்து பளபளக்கிறது. அந்த ஒரு இடத்தைப் பார்த்தே இரண்டு பக்கம் எழுதிவிட்டேன். படம் இல்லாவிட்டால் 'பழைய வீடு' என்று சொல்லி நகர்ந்திருப்பேன்.

சிக்கல் அதற்கு அப்புறம்தான். அந்தப் படத்தை மேலேயே போட்டால், நான் பார்த்துப் பார்த்து எழுதியதை வாசகர் முதலிலேயே பார்த்துவிடுகிறார். போடாவிட்டால் ஏதோ குறைகிறது. நீங்கள் தூண்டிய படத்தையே போடுவீர்களா, வேறு தேடுவீர்களா?

வேறு படம் வேண்டுமென்றால் எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய படங்கள் உள்ள விக்கிமீடியா காமன்ஸ் தளத்தில் தேடுகிறேன். சிசி பை (CC BY, எடுத்தவரைக் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம் என்கிற) உரிமம் என்றால் எடுத்தவர் பெயரும் உரிமத்தின் இணைப்பும் தர வேண்டும், படத்தை வெட்டியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். சரி, இதைப் படத்துக்குக் கீழே போடுகிறீர்களா, கடைசியிலா?

இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியம். பார்வையற்ற நண்பர் ஒருவர் திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான் வழியாக என் எழுத்தைக் கேட்கிறார். படத்துக்குப் பதிலாக அது வாசிக்கும் மாற்று உரையில் 'கதவு' என்று மட்டும் போட்டிருந்தேன். "அந்தக் கதவில் அப்படி என்ன பார்த்தாய்?" என்று கேட்டார். கட்டுரையில் உள்ளதையே திரும்பச் சொல்லாமல் மாற்று உரையை எப்படி எழுதுவது? நீங்கள் எழுதியவற்றில் ஒன்றிரண்டை இங்கே காட்டினால் பெரிய உதவி.