சிங்கர் 201கே: பெடலை மிதிக்காமலே ஓடுகிறது, தொட்டால் சுர்ரென்கிறது

காரைக்குடிப் பேத்தி:
வணக்கம். அப்பத்தாவின் தையல் மெஷினைப் பரணிலிருந்து இறக்கியிருக்கிறோம். கறுப்பு சிங்கர், மரப்பெட்டியோடு. ஐயா ஈப்போவில் கடை வைத்திருந்தபோது வாங்கிக் கப்பலில் கொண்டுவந்தது என்று வீட்டில் சொல்வார்கள். முன்பக்கம் நீல விளிம்பு போட்ட பித்தளை வில்லை, அதில் 1851–1951. மோட்டார் பின்பக்கம் உடம்போடு சேர்ந்தே இருக்கிறது, பெல்ட் இல்லை. தகட்டில் 220–240 வோல்ட் என்று படிக்க முடிகிறது.

ஆயில் விட்டுக் கையால் சுற்றினால் வெண்ணெய் மாதிரி போகிறது. ஆசை தாங்காமல் பிளக்கைச் செருகினேன். ஓரமாகப் பிடித்திருந்த கையில் சுர்ரென்று ஏறியது. கையை எடுப்பதற்குள் மெஷின் தானாகக் கிளம்பி முழு வேகத்தில் ஓட ஆரம்பித்துவிட்டது, பெடலில் நான் கால் வைக்கவே இல்லை! அலறியடித்து சுவிட்சை அணைத்தேன். அப்புறம் வயரை வளைத்துப் பார்த்தால் மேலே இருக்கும் ரப்பர் காய்ந்த முறுக்கு மாதிரி பொலபொலவென்று உதிர்கிறது, உள்ளே செம்பு தெரிகிறது.

இங்கே ஒரு மெக்கானிக் "மோட்டாரைக் கழற்றி எறிங்க, கால் ஸ்டாண்டு போட்டுத் தர்றேன்" என்கிறார். மனசு வரவில்லை. எனக்கு சால்டரிங் கொஞ்சம் வரும், மிக்ஸி சுவிட்ச் மாற்றியிருக்கிறேன். நானே செய்யலாமா?

வழிப்போக்கன்:
ஷாக் அடித்தால் இரண்டு பின் பிளக்கைத் திருப்பிச் செருகுங்கள், போய்விடும். ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு, காலடியில் ஒரு பலகை. எங்கள் அம்மா முப்பது வருஷம் அப்படித்தான் தைத்தார்கள்.

வைண்டிங் கடை:
தங்கச்சி, மேலே இருப்பவர் சொன்னதைத் தயவுசெய்து செய்துவிடாதீர்கள். பிளக்கைத் திருப்பினால் ஷாக் ஏன் போகிறது என்றால், உதிர்ந்த இடத்தில் பாடியைத் தொட்டுக்கொண்டிருந்த ஃபேஸ் (கரண்ட் வரும் கம்பி) போய் நியூட்ரல் வந்துவிடுகிறது, அவ்வளவுதான். கோளாறு அப்படியே இருக்கும். அடுத்த முறை யாராவது மாற்றிச் செருகினால் தெரியும் சேதி. அம்மா தப்பித்தது அவர்கள் அதிர்ஷ்டம்.

உங்களிடம் இருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறு. ஒன்றாகப் பார்த்தால் குழம்பிவிடும்.

தானாக ஓடுவது பெரும்பாலும் பெடல் சமாச்சாரம். மோட்டார் நிற்க வேண்டுமென்றால் பெடலுக்குள் இணைப்பு துண்டாக வேண்டும். பழைய பிரிட்டிஷ் பெடல்களில் ரேடியோவில் கரகரவென்று இரைச்சல் வராமலிருக்க ஒரு கெப்பாசிட்டர் போட்டிருப்பார்கள், மெழுகுக் காகிதத்தில் செய்தது. 70 வருஷத்தில் அது உள்ளுக்குள் ஷார்ட் ஆகிவிட்டால், நீங்கள் மிதிக்காமலே மிதித்த மாதிரி. பெடலின் அடிப்பக்க ஸ்குரூவைக் கழற்றிப் பாருங்கள். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, மெஷினிலிருந்தும் கழற்றிய பிறகு. கெப்பாசிட்டரின் ஒரு காலை மட்டும் வெட்டி மல்டிமீட்டர் வையுங்கள். பெடல் இப்போது திறந்ததாக (இணைப்பு இல்லை என்று) காட்டினால் குற்றவாளி அகப்பட்டான். அப்போதும் ஷார்ட் என்றால் பெடல் வயருக்குள் இரண்டு கம்பியும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கெப்பாசிட்டர் இல்லாமலும் மெஷின் ஓடும். போட்டே ஆக வேண்டுமென்றால் 0.1 மைக்ரோஃபாரட், 275 வோல்ட் ஏசி, எக்ஸ்2 வகை என்று கேட்டு வாங்குங்கள். கிடைத்ததைப் போடக் கூடாது, எக்ஸ்2 கெட்டுப்போனால் தீப்பிடிக்காத மாதிரி செய்தது.

ஷாக் விஷயம், உதிர்ந்த வயர்தான். சிங்கரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அந்தக் காலத்து ரப்பர் எல்லாமே இப்படித்தான், சூடும் எண்ணெயும் பட்டால் இன்னும் சீக்கிரம். மேலே டேப் சுற்றிச் சமாளிக்க வேண்டாம், மொத்தத்தையும் மாற்றுங்கள். மோட்டார் 100 வாட்டுக்கு உள்ளேதான் இருக்கும், அரை ஆம்பியர்கூட இழுக்காது. உள்ளே 0.5 சதுர மில்லிமீட்டர் வயர், வெளியே சுவர் வரை 0.75ல் மூன்று கோர் (மூன்று கம்பி) வயர், தாராளம்.

குரோய்டன் ஊசி:
ஐயோ, அதே மெஷின்தான் என்னிடமும்! 201கேயில் கே என்பது கில்போவி, ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் ஊரில் இருந்த தொழிற்சாலை. 1980ல் மூடிவிட்டார்கள், ரயில் நிலையத்துக்கு மட்டும் இன்னும் சிங்கர் என்றே பெயர். வில்லையில் இருப்பது கம்பெனியின் நூற்றாண்டு, ஆக உங்களுடையதும் 1951 வாக்கில் செய்ததுதான்.

கால் ஸ்டாண்டு போடச் சொன்னவரிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள் பேத்தி. இது பெல்ட் வண்டி இல்லை, மோட்டார் அச்சில் இருக்கும் இரும்புத் திருகு நேராகக் கைச்சக்கரத்தின் பல்சக்கரத்தைத் திருப்புகிறது. அந்தப் பல்சக்கரம் துணியைப் பிசினில் ஊறவைத்து இறுக்கியது, அதனால்தான் இவ்வளவு சத்தமில்லாமல் ஓடுகிறது. மோட்டாரை எடுத்துவிட்டால் பெல்ட் மாட்ட வழியில்லை, சக்கரத்தையே மாற்ற வேண்டிவரும்.

நான் போன குளிர்காலத்தில் மாற்றினேன், மூன்று சனிக்கிழமை ஆனது. முதலில் இரண்டு பக்க மூடியைத் திருகி கார்பன் பிரஷ்களை எடுங்கள். எது எந்தப் பக்கம், எந்த முகம் மேலே என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அதிலேயே சுற்றி வையுங்கள், ஏனென்றால் அவை கம்யூட்டேட்டரின் (பிரஷ் உரசும் செம்பு வளையம்) வளைவுக்கு ஏற்ப தேய்ந்திருக்கும். அவற்றை எடுக்காமல் ஆர்மெச்சரை (மோட்டாருக்குள் சுற்றும் பகுதி) இழுத்தால் பிரஷ் உடைந்துவிடும் (எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்). கம்யூட்டேட்டர் கறுத்திருந்தால் ஸ்பிரிட்டில் துடைத்து, தேவைப்பட்டால் மட்டும் நைசான உப்புத்தாள். எமரித்தாள் வேண்டாம், அதன் துகள் செம்புத் துண்டுகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும்.

கஷ்டமான இடம் ஒன்றே ஒன்றுதான். ஃபீல்டு காயிலிலிருந்து (மோட்டாரின் அசையாத கம்பிச் சுருள்) வயர் வெளியே வரும் முனை. காயிலின் கம்பி தலைமுடி மாதிரி மெல்லிசு, அதை அசைக்காமல், பழைய வயரில் ஒரு அங்குலம் விட்டு வெட்டி, ரப்பரை நகத்தாலேயே உதிர்த்துவிட்டு, புது வயரை ஈயம் வைத்துச் சேர்த்து, மேலே ஸ்லீவ் (கரண்ட் கடத்தாத சின்னக் குழாய்) ஏற்றுங்கள். ஸ்லீவை முதலிலேயே வயரில் கோத்துவிட வேண்டும், நான் இரண்டு முறை மறந்து இரண்டு முறை பிரித்தேன்.

அப்புறம், மோட்டாரில் இருக்கும் இரண்டு சின்னக் குழாயில் மெஷின் ஆயிலை ஊற்றிவிடாதீர்கள். அது கிரீசுக்கான இடம். ஆயில் போனால் கம்யூட்டேட்டரில் வழிந்து எல்லாம் பாழ்.

காரைக்குடிப் பேத்தி:
பெடலைத் திறந்தேன். வைண்டிங் கடை அண்ணா சொன்னதே சரி, கெப்பாசிட்டர் வெடித்து மெழுகு வழிந்து கிடக்கிறது, வெட்டியதும் மீட்டர் திறந்ததாகக் காட்டுகிறது. பெடலை மிதித்தால் ரெசிஸ்டன்ஸ் படிப்படியாகக் குறைகிறது, உள்ளே காசு அடுக்கிய மாதிரி கார்பன் தகடுகள்.

ஒரு சந்தேகம். மெஷினில் மூன்று பின் இருக்கிறதே, ஒன்று எர்த்தா?

வைண்டிங் கடை:
நல்லவேளை கேட்டீர்கள், இதில்தான் பலர் விழுவார்கள். எர்த் இல்லை. விளக்கு பெடலை மிதிக்காமலே எரிய வேண்டும், மோட்டார் மிதித்தால்தான் ஓட வேண்டும், அதற்குத்தான் மூன்று. ஒன்று இரண்டுக்கும் பொது, ஒன்று விளக்கின் மறுமுனை, ஒன்று மோட்டாரின் மறுமுனை, அது பெடல் வழியாகப் போகும். அங்கே எர்த்தைக் கொடுத்தால் பாடிக்குப் பாதுகாப்பு கிடைக்காது, உங்களுக்குத்தான் ஆபத்து. கழற்றும் முன் போட்டோ எடுத்து, ஒவ்வொரு வயரிலும் நூல் கட்டுங்கள். தையல் வீட்டில் கலர் நூலுக்கா பஞ்சம்?

எர்த்துக்குத் தனிப் பச்சை வயர். பாடியில் ஒரு ஸ்குரூவுக்கு அடியில் பெயின்டைச் சுரண்டி இறுக்குங்கள். ஃபேஸ் பெடல் பக்கம் வரட்டும்.

எல்லாம் முடித்ததும் நேராகச் செருகாமல், 500 வோல்ட் மெக்கர் (கரண்ட் கசிகிறதா என்று பார்க்கும் மீட்டர்) வைத்திருக்கும் கடையில் பாடிக்கும் வயருக்கும் பார்க்கச் சொல்லுங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே என்றால் ஈரம், காயவைக்க வேண்டும். பிறகு 100 வாட் குண்டு பல்பை சீரியசில் போட்டு, அதாவது கரண்ட் பல்பு வழியாகவே மெஷினுக்குப் போகும்படி, ஒரு தடவை ஓட்டுங்கள். பல்பு பளீரென்று எரிந்தால் உடனே அணையுங்கள், உள்ளே எங்கோ ஷார்ட்.

குரோய்டன் ஊசி:
30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக அணைக்கும் சுவிட்ச்) வீட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். நான் அது இல்லாத பிளக்கில் இதைச் செருகுவதே இல்லை.

காரைக்குடிப் பேத்தி:
பதினோரு நாள் கழித்து எழுதுகிறேன். மெக்கரில் முதலில் 0.6தான் காட்டியது. இரண்டு நாள் மொட்டைமாடி வெயில், நம்ம ஊர் வெயிலைச் சொல்ல வேண்டுமா, 5க்கு மேல் போய்விட்டது. சீரியஸ் பல்பு மங்கலாகச் சிவந்தது, மோட்டார் மெதுவாக முனகிக்கொண்டு சுற்றியது. பல்பை எடுத்துவிட்டு ஓட்டினேன், ஷாக் இல்லை, காலை எடுத்தால் நிற்கிறது. ஸ்லீவை நானும் ஒரு முறை மறந்தேன், குரோய்டன் அக்கா.

விளக்கு மட்டும் எரியவில்லை. 15 வாட், பழைய மாதிரி இரண்டு காது பிடிப்பு, பல்பைக் கழற்றிக் குலுக்கினால் உள்ளே கிணுகிணுவென்கிறது. அதே அளவில் எல்இடி கிடைக்குமா? ஒரு தலையணை உறை பாதியில் நிற்கிறது, சாயங்காலமானால் ஊசி தெரியவில்லை.